டயருக்கு நைட்ரஜன்: காசு கொடுத்து வாங்க வேண்டிய காற்றா?

புது டயர் மாற்றப் போகிறவர்களிடம் டயர் கடையில் கேட்கப்படும் கேள்வி இது: "சாதாரணக் காற்று போதுமா, நைட்ரஜன் அடிக்கட்டுமா?" எண்ணெய் நிலையத்தில் காற்று இலவசம். நைட்ரஜன் என்றால் ஒரு டயருக்கு இத்தனை ரிங்கிட் என்று கட்டணம். கடைக்குக் கடை அது மாறும். பணம் கட்டியவரின் காருக்கு வால்வில் பச்சை மூடி போட்டு அனுப்புவார்கள்.

அதற்கு நான்கு நன்மைகள் சொல்லப்படுகின்றன. காற்று இறங்காது, டயர் வெடிக்காது, பெட்ரோல் மிச்சமாகும், டயர் நீண்ட நாள் உழைக்கும். இவற்றில் எது உண்மை? எது பாதி உண்மை? எது வெறும் வியாபாரப் பேச்சு? வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் கார் ஓட்டும் சராசரிக் குடும்பத்துக்கு இது தேவைதானா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாதாரணக் காற்றில் என்ன இருக்கிறது?

முதலில் ஓர் அடிப்படை உண்மை. சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆக்சிஜன் 21 விழுக்காடு. மிச்சமுள்ள ஒரு விழுக்காட்டில் ஆர்கான் போன்ற வேறு வாயுக்கள். அதாவது, எண்ணெய் நிலையத்தில் இலவசமாகக் காற்றடித்தாலும் டயருக்குள் போவதில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜனே.

அப்படியானால் டயர் கடையில் காசு கொடுத்து வாங்குவது என்ன? 78 விழுக்காட்டை 95 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் உயர்த்துவது மட்டுமே. அதுவும் வேலையைச் சரியாகச் செய்தால்தான்.

டயரில் உள்ள காற்றை எல்லாம் இறக்கினாலும், வெளியில் உள்ள அழுத்தத்துக்குச் சமமான காற்று உள்ளே தங்கிவிடும். அதன்மேல் சுத்தமான நைட்ரஜனை 32 பிஎஸ்ஐ வரை ஏற்றினால், டயருக்குள் நைட்ரஜன் 93 விழுக்காடு அளவுக்கு வரும். இன்னும் கூட்ட வேண்டுமானால் மறுபடி இறக்கி மறுபடி நிரப்ப வேண்டும். பழைய காற்றை இறக்காமல், குறைந்திருக்கும் இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கு மட்டும் நைட்ரஜன் சேர்த்துவிட்டுப் பச்சை மூடி போட்டால், உள்ளே பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

விமானத்துக்கு ஏன் நைட்ரஜன்?

"விமானத்துக்கே நைட்ரஜன்தான் அடிக்கிறார்கள்" என்று சொல்வது உண்டு. அது முழு உண்மை. காரணத்தைத் தெரிந்துகொண்டால், காருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதும் விளங்கிவிடும்.

1986ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, மெக்சிகோ சிட்டியிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் மலைப் பகுதியில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 167 பேரும் இறந்தனர். பிரேக் முழுமையாக விடுபடாமல் உரசியதால் சக்கரம் கடுமையாகச் சூடேறி, பறந்துகொண்டிருந்தபோதே டயர் வெடித்தது. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று அடைக்கப்பட்டிருந்தது. அதீத வெப்பத்தில் டயரின் உட்பகுதியிலிருந்து வெளியாகும் ஆவி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெடிக்கும். மறு ஆண்டு, 1987இல், பெரிய பயணிகள் விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு உத்தரவிட்டது.

அதோடு, விமானம் உயரே பறக்கும்போது வெளியே உறைபனிக் குளிர். டயருக்குள் ஈரம் இருந்தால் அது பனிக்கட்டியாகும். தரையிறங்கும்போதோ, நின்ற நிலையிலிருந்து கண நேரத்தில் இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சக்கரம் சுழல வேண்டும். ஈரமில்லாத, ஆக்சிஜன் குறைந்த வாயு அங்கே உயிர்காக்கும் தேவை. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் குடும்பக் காரின் டயர் அந்தக் குளிரையும் காண்பதில்லை, அந்தச் சூட்டையும் காண்பதில்லை.

காற்று இறங்காது என்பது உண்மையா?

இது பாதி உண்மை. டயரின் ரப்பர் கண்ணுக்குத் தெரியாத அளவில் வாயுவைக் கசியவிடும். ஆக்சிஜன் அதன் வழியே வேகமாகவும் நைட்ரஜன் மெதுவாகவும் வெளியேறும். ஆகவே நைட்ரஜன் டயரில் அழுத்தம் மெதுவாகவே குறையும். ஆனால் எவ்வளவு மெதுவாக?

அமெரிக்கப் பயனீட்டாளர் சஞ்சிகையான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டது. 31 வகை டயர்களில் ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குக் காற்றும் மற்றொன்றுக்கு நைட்ரஜனும் 30 பிஎஸ்ஐ அளவுக்கு நிரப்பி, ஓராண்டு வெளியில் வைத்துவிட்டார்கள். காற்று நிரப்பிய டயர்களில் சராசரியாக 3.5 பிஎஸ்ஐ குறைந்தது. நைட்ரஜன் நிரப்பியவற்றில் 2.2 பிஎஸ்ஐ குறைந்தது. ஓராண்டு முழுவதற்கும் வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ மட்டுமே.

நைட்ரஜனுக்குப் பலன் உண்டு என்பதும் இதில் தெரிகிறது; நைட்ரஜன் அடித்த டயரிலும் அழுத்தம் இறங்கும் என்பதும் தெரிகிறது. இவை நிறுத்தி வைத்த டயர்கள். சாலையில் ஓடும் டயரில் ஆணி குத்தும், வால்வு தேயும், பள்ளத்தில் இறங்கி ரிம் நெளியும். அந்த ஓட்டைகளுக்குக் காற்று, நைட்ரஜன் என்ற பேதம் தெரியாது.

வெயிலில் அழுத்தம் ஏறாதா?

நைட்ரஜன் சூட்டில் விரிவடையாது என்பது பலரின் நம்பிக்கை. அது தவறு. சாலையில் ஓடி டயர் 30 பாகை சூடேறினால் காற்று டயரிலும் 4, 5 பிஎஸ்ஐ ஏறும். நைட்ரஜன் டயரிலும் அதே அளவு ஏறும். வித்தியாசத்தை உண்டாக்குவது உள்ளே இருக்கும் ஈரம்தான். பந்தயக் கார்களில் ஒரு பிஎஸ்ஐயில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கணக்குப் பார்ப்பதால் அவர்களுக்கு ஈரமற்ற வாயு தேவை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கணக்கு இல்லை.

பெட்ரோல் எவ்வளவு மிச்சமாகும்?

நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மாதம் 300 ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,600 ரிங்கிட். 1.3 பிஎஸ்ஐ வித்தியாசம் ஆண்டின் முதல் நாளிலிருந்தே இருந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மிச்சம் 9 ரிங்கிட் சொச்சம். ஒரு டயருக்கு 5 ரிங்கிட் என்றாலும் நான்குக்கு 20 ரிங்கிட் ஆகிறது. போட்ட காசு திரும்பாது. மாதம் ஒருமுறை இலவசக் காற்றை நிரப்பிக்கொள்பவருக்கு அந்த 9 ரிங்கிட்டும் நஷ்டமில்லை.

டயரின் ஆயுளைப் பொறுத்தவரை, ஆக்சிஜன் ரப்பரை உள்ளிருந்து மெல்ல முதுமையாக்கும் என்பது மெய். நைட்ரஜன் அதைக் குறைக்கும். ஆனால் டயரின் வெளிப்புறம் முழுவதும் வெயிலிலும் ஆக்சிஜனிலும்தானே கிடக்கிறது? தினமும் ஓடும் காரில் உள்ரப்பர் முதுமையடையும் முன்பே மேற்பரப்பு தேய்ந்துவிடும். அபூர்வமாக ஓடும் காருக்கும், ஆண்டுக்கணக்கில் தொடப்படாத ஸ்பேர் டயருக்கும் வேண்டுமானால் கொஞ்சம் பயன் இருக்கலாம்.

பச்சை மூடியில் இருக்கும் ஆபத்து

இதுவரை பேசியது காசைப் பற்றி. இனிப் பேசுவது உயிரைப் பற்றி.

நைட்ரஜன் அடித்தவர்கள் சிலரிடம் இரண்டு எண்ணங்கள் வேரூன்றிவிடுகின்றன. ஒன்று, இனி டயரைப் பார்க்கவே வேண்டாம் என்பது. மற்றொன்று, நைட்ரஜனோடு சாதாரணக் காற்றைக் கலக்கவே கூடாது என்பது. இரண்டும் தவறு, இரண்டும் ஆபத்து.

பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். காரில் ஐந்து பேர், பின்னால் நிறையச் சாமான்கள், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகம், தலைக்கு மேல் உச்சி வெயில். ஒரு டயரில் அழுத்தம் குறைந்திருக்கிறது. வழியில் எண்ணெய் நிலையம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. ஆனால் பச்சை மூடியைப் பார்த்துவிட்டு, "நைட்ரஜன் டயர், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுநர் தொடர்ந்து ஓட்டுகிறார். அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. அந்த அசைவில் சூடு பிறக்கிறது. சூட்டில் ரப்பரும் உள்ளேயுள்ள கம்பிப் பட்டையும் பிரிகின்றன. டயர் வெடிப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது எந்த வாயுவானாலும் காப்பாற்றாது.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 6.5 மில்லியன் டயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. மேற்பரப்பு பிரிந்து நேர்ந்த விபத்துகளில் அமெரிக்காவில் இருநூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். தயாரிப்புக் குறையோடு வெப்பமும் குறைந்த அழுத்தமும் அங்கே பேசப்பட்டன. அதன்பின் அந்நாடு இயற்றிய சட்டம் நைட்ரஜன் அடிக்கச் சொல்லவில்லை. டயர் அழுத்தம் குறைந்தால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்றது. 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்பனைக்குத் தயாரான புதிய கார்கள் அனைத்திலும் அது கட்டாயமானது.

ஆகவே, நைட்ரஜன் டயரில் அழுத்தம் குறைந்திருந்தால், கிடைக்கும் காற்றைத் தயங்காமல் அடிக்கலாம். 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ள காற்று, 93 விழுக்காடு நைட்ரஜனோடு சேர்ந்தால் எந்தக் கெடுதலும் நேராது. கொடுத்த காசின் பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது என்ன?

மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும் அழுத்தம் பார்க்க வேண்டும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரி. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவின் ஓரத்தில் அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் அது தாங்கும் உச்ச அளவு. அடிக்க வேண்டிய அளவு அல்ல. ஆள் நிறைந்து, சாமான் ஏற்றிச் செல்லும்போது கூடுதல் அழுத்தம் தேவை என்றும் அதே அட்டையில் குறித்திருப்பார்கள். கருவியில் வேறு அலகு இருந்தால் குழம்ப வேண்டாம்: 32 பிஎஸ்ஐ என்பது 220 கிலோபாஸ்கல், அதுவே 2.2 பார்.

ஸ்பேர் டயரையும் மறக்கக் கூடாது. மேற்பரப்பின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றியாக வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் டயரின் வயதைச் சொல்லும்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

புது டயரோடு இலவசமாக நைட்ரஜன் தருகிறார்களா? தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், தீங்கில்லை. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால், அந்தக் காசுக்குச் சிறிய அழுத்தமானி ஒன்றை வாங்கிக் காரில் வைத்துக்கொள்வது மேல். டயரைக் காப்பது உள்ளே இருக்கும் வாயுவின் பெயர் அல்ல, அதன் அளவு. அந்த அளவை மாதந்தோறும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.