றங்குப்பெட்டிக்குள் இருந்த சிறகுகள்

ஒளிவிழாக் காலம் வந்துவிட்டால் எமது பாடசாலைகளிலும் பங்குகளிலும் பிள்ளைகளுக்குச் சம்மனசு வேடம் போடும் வேலை தொடங்கிவிடும். வெள்ளை உடுப்பு வேண்டும், இரண்டு சிறகு வேண்டும், தலைக்கு ஒரு முடி வேண்டும். முன்னர் இவையெல்லாம் வீட்டிலேயே ஆயின. இன்றோ நைலோன் சிறகும் பிளாஸ்ரிக் முடியும் கடையில் தொங்குகின்றன. கூலி வேலைக்குப் போகும் தாய் ஒருத்தி தன் ஒரு நாட் சம்பளத்தை ஒரு மணிநேர உடுப்புக்குக் கொடுக்கவேண்டியுள்ளது. கொடுக்க இயலாதவரின் பிள்ளை பின்வரிசையில் நிற்கும். அல்லது அன்றைக்குப் பாடசாலைக்கே போகாது.

சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். வளவில் நின்ற பனையும் தென்னையும் வாழையும் அங்கேயே நின்றுவிட்டன. எதற்கும் கடையை நம்பும் வாழ்வு வந்து சேர்ந்தது. ஆனால் சிறகும் முடியும் செய்யும் தொழில் கடையில் பிறந்ததன்று. மிகக் குறைந்த பொருளைக் கொண்டு அதைச் செய்து, அதனாலேயே ஒரு குடும்பத்தைத் தாங்கிய பெண் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவருடைய முறை எமக்கும் பயன்படும் என்பதால் அவரைப் பற்றி இங்கு எழுதுகிறோம்.

சிறகு மேடைக்கு வந்த விதம்

மேலைநாட்டுக் கிராமியக் கதைகளில் காடுகளிலும் பூக்களிலும் வாழும் சின்னஞ்சிறு உருவங்கள் வருவதுண்டு. இவற்றைத் தமிழில் தேவதைகள் என்று சொல்கிறோம். இவை கற்பனைப் பாத்திரங்கள். எமது விசுவாசம் கூறும் சம்மனசுகளோடு இவற்றைக் குழப்பவேண்டியதில்லை. எனினும் மேடையில் இரண்டுக்கும் வேண்டிய பொருள்கள் ஒன்றே.

இத்தகைய உடைக்கு ஒரு வடிவத்தை நிலைநாட்டியது 1832 இல் பாரிஸ் நகரில் மேடையேறிய ‘லா சில்ஃபீட்’ என்னும் பலே நடனம். அதில் காற்றுத் தேவதையாக ஆடிய மரீ தாலியோனி மணிபோல் விரிந்த மெல்லிய வெள்ளைப் பாவாடையும் முதுகில் சிறு சிறகுகளும் அணிந்திருந்தார். அந்த வெள்ளைப் பாவாடையும் சிறகும் பின்னர் சிறுவர் நாடகங்களுக்கும் படப் புத்தகங்களுக்கும் பரவின. இன்று கடையில் விற்கும் தேவதை உடுப்பும் அந்த வழியில் வந்ததே.

விதை வியாபாரியின் மகள்

சிசிலி மேரி பார்க்கர் 1895 இல் இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குறொய்டனிற் பிறந்தார். தகப்பனார் விதை வியாபார நிறுவனம் ஒன்றிற் பங்காளர். ஓய்வு நேரத்தில் ஓவியமும் தீட்டுபவர். சிசிலிக்குச் சிறு வயதிலேயே வலிப்பு நோய் இருந்தது. அதனால் பாடசாலைக்குப் போகாமல் வீட்டிலேயே கல்வி கற்றார். மகளுடைய கைத்திறனைக் கண்ட தகப்பனார் அவரைத் தபால்மூல ஓவியப் பயிற்சியிலும், 1908 இல் குறொய்டன் ஓவியப் பாடசாலையின் மாலை வகுப்பிலும் சேர்த்தார்.

1912 இல் தகப்பனார் காலமானார். அப்போது சிசிலிக்கு வயது 17. தாயும் இரு மகள்மாரும் வருமானமின்றி நின்றனர். மூத்தவரான டொரதி பாலர் வகுப்பு ஆசிரியையாகக் குடும்பத்தைத் தாங்கினார். நோயாளியென்று வீட்டில் இருந்த இளையவரும் சும்மா இருக்கவில்லை. படங்களும் பாட்டுகளும் எழுதிச் சஞ்சிகைகளுக்கு விற்றார்.

1923 இல் ‘வசந்தகால மலர்த் தேவதைகள்’ என்ற பொருள்படும் அவரது முதற் புத்தகம் வெளியாயிற்று. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தேவதை, அந்தப் பூவையே உடையாக உடுத்து நிற்கும். அதைத் தொடர்ந்து வந்த நூல்கள் அவரை உலகறியச் செய்தன. அங்கிலிக்கன் சபை விசுவாசியான அவர் ஞாயிறு பாடசாலையில் கற்பித்தார். ஆலயங்களுக்கும் சமய ஓவியங்கள் வரைந்து கொடுத்தார். 1973 இல் காலமாகும்போது முதற் புத்தகம் வெளிவந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு பெட்டி, பல உடைகள்

பார்க்கர் தம் மனதிலிருந்து மட்டும் உடைகளை வரையவில்லை. முதலில் அவற்றைத் தைத்தார். 1924 இல் அவர்கள் குடிபுகுந்த வீட்டின் பின்னறையில் டொரதி பாலர் பாடசாலை நடத்தினார். தோட்டத்தில் சிசிலியின் ஓவியக்கூடம் இருந்தது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளே தேவதைகளாக வந்து நின்றனர். சனிக்கிழமைகளில் வீட்டு வேலைக்கு வந்த ஒரு சிறுமியும் அவருடைய படமொன்றில் தேவதையாக நிற்கிறாள்.

ஓவியக்கூடத்தில் ஒரு றங்குப்பெட்டி இருந்தது. சுள்ளிகளாலும் மெல்லிய வலைத்துணியாலும் செய்த சிறகுகள் அதற்குள் இருந்தன. ஒவ்வொரு தேவதைக்கும் புதிதாக ஓர் உடை தைப்பார். படம் முடிந்ததும் அதைப் பிரித்து, அதே துணியைக் கொண்டு அடுத்ததைத் தைப்பார். ஒரு பெட்டித் துணியே புத்தகம் புத்தகமாகத் தேவதைகளை உடுத்தியது.

இரண்டாவது சிறப்பு அவருடைய கவனம். குறித்த செடியின் பூவையோ கிளையையோ பிள்ளையின் கையிற் கொடுத்து, அதன் வடிவையும் தன்மையையும் நேரிற் பார்த்தே வரைந்தார். கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தவர்களும் அவருக்குப் பூக்களைக் கொண்டுவந்து கொடுத்ததுண்டு. தாம் ஒருபோதும் தேவதையைக் கண்டதில்லை என்றும், செடிகளையோ உண்மையானவற்றைப் பார்த்தே வரைந்ததாகவும் அவர் தமது நூலொன்றின் முன்னுரையில் வாசகருக்கு அறிவித்தார். கற்பனை அழகாக அமையவேண்டுமாயின் கண் முன்னே உள்ளதைச் சரியாகப் பார்க்கவேண்டும் என்பதே அவருடைய தொழிலின் அடிப்படை.

எம்மைச் சூழவுள்ள பூக்கள்

பூவையும் இலையையும் பார்த்துப் பழகிய கண் விவசாயிக்கு உண்டு. இங்கிலாந்துப் பூக்களை நாம் தேடவேண்டியதில்லை. வேலியிலும் பாதையோரத்திலும் நிற்பவற்றைப் பார்ப்போம்.

பூசணிப் பூவைத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு பாவாடை. அடியில் ஒன்றாய் இணைந்து நுனியில் ஐந்தாகப் பிரியும். மஞ்சள் நிறப் பழந்துணியில் ஐந்து இதழ்களை வெட்டி, இடுப்பிலிருந்து பாதிவரை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்து, மீதியை விட்டுவிட்டால் அதே அமைப்பு வரும். எருக்கலம்பூவின் நடுவே இயற்கையாகவே ஒரு சிறு முடி இருக்கிறது; அதைப் பார்த்துத் தலைமுடிக்கு வடிவம் எடுக்கலாம். ஆனால் உண்மையான எருக்கலம்பூவைப் பிள்ளையின் தலையில் வைக்கவேண்டாம். அதன் பால் கண்ணிற் பட்டால் கண்ணைக் கெடுக்கும். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து வாடும்போது செந்நிறமாகும். வெளியே மஞ்சளும் உள்ளே சிவப்புமாக இரு துணி வைத்துத் தைத்த சட்டை அதற்கு ஏற்றது.

சிறகுக்குத் தென்னோலையின் பச்சை ஈர்க்குகள் போதும். நான்கைந்தைச் சேர்த்து நூலாற் சுற்றிக் கட்டி, இலை வடிவில் வளைத்து, நுனிகளைப் பிணைத்துக் காயவிட்டால் அந்த வடிவம் நிற்கும். ஒரு பக்கத்துக்குப் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக நான்கு வேண்டும். பழைய மெல்லிய பருத்திச் சேலைத் துண்டைச் சோற்றுக்கஞ்சியில் தோய்த்து விறைப்பாக்கி, அதன்மேல் இழுத்துத் தைக்கவும். சிறகைக் கழுத்திற் கட்டக்கூடாது. புத்தகப்பைக்கு உள்ளதுபோல இரண்டு தோட்பட்டிகள் வைக்கவேண்டும். ஈர்க்கு நுனிகளைத் துணியாற் பொதிந்துவிடவேண்டும். பூச்சிமருந்து ஊட்டிய நுளம்பு வலையை இதற்கு எடுக்கவேண்டாம்.

முடியும் தலைப்பட்டியும் சிறு கைப்பையும் பனங் குருத்தோலையில் ஆகும். பெட்டியும் நீற்றுப்பெட்டியும் இழைத்த கைக்கு இது புதிய வேலையன்று. மாலைக்குப் புளியங்கொட்டையை ஊறவைத்துத் துளையிடலாம். கல்வாழை விதையும் நன்று. குண்டுமணி அழகாக இருந்தாலும் அதன் உள்ளே கொடிய நஞ்சு உண்டு. துளையிட்ட அல்லது மென்ற குண்டுமணி உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைகளின் மாலையில் அது இருக்கவே கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எந்த விதை மாலையும் வேண்டாம், விழுங்கிவிடும்.

மினுக்கத்தூளையும் தவிர்க்கலாம். அது பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்ரிக். மண்ணிலும் நீரிலும் கலந்தால் அகற்ற முடியாது. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்ரோபரிலிருந்து உதிரியான பிளாஸ்ரிக் மினுக்கத்தூள் விற்பனையைத் தடைசெய்தது.

நெருப்பை மறவாதிருப்போம்

மெல்லிய துணி எத்தனை அழகோ அத்தனை ஆபத்து. எம்மா லிவ்றி என்ற நடனமாது 1858 இல் முன்னர் கூறிய அதே காற்றுத் தேவதை வேடத்திற் பாரிசில் முதன்முதல் மேடையேறினார். 1862 நவம்பரில் வேறொரு நாடகத்தின் ஒத்திகையின்போது மேடையின் வாயு விளக்கு அவருடைய பாவாடையிற் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 யூலையில் இறந்தார், வயது 20. தீப்பற்றாதவாறு மருந்தூட்டிய துணி அப்போதே இருந்தது. அது பாவாடையின் வெண்மையையும் மென்மையையும் குறைக்கும் என்று அவர் அதை உடுக்க மறுத்திருந்தார்.

எமது ஒளிவிழாவில் மெழுகுதிரி ஏந்தாத பிள்ளை குறைவு. சிறகு கட்டிய பிள்ளைக்குத் தன் முதுகுப்புறம் தெரியாது. அடுத்த பிள்ளையின் திரி சிறகிற் படலாம். ஆகவே சிறகு அணிந்தவருக்குத் திரி கொடுக்கவேண்டாம். ரோச் விளக்குப் போதும். பருத்தி விரைவில் எரியும். நைலோன் உருகித் தோலில் ஒட்டும். மேடையருகே நனைத்த தடித்த சாக்கும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும். பற்றிக்கொண்டால் பிள்ளையை ஓடவிடாமற் கிடத்தி, உருட்டி, சாக்கினால் மூடி அணைக்கவேண்டும். சுட்ட இடத்தில் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். பற்பசையோ எண்ணெயோ பூசக்கூடாது.

25 பவுண் கற்பித்த பாடம்

பார்க்கரின் முதற் புத்தகத்தில் 24 படங்களும் அவற்றுக்குரிய பாட்டுகளும் இருந்தன. அனைத்துக்குமாகப் பதிப்பகத்தார் கொடுத்தது 25 பவுண். புத்தகம் நன்றாக விற்றும் அதற்குமேல் அவருக்குக் கிடைக்கவில்லை. 1925 இல் வந்த இரண்டாவது புத்தகத்திலிருந்துதான் ‘றோயல்டி’ எனப்படும் விற்பனைப் பங்கு கிடைத்தது.

கைவேலை செய்யும் எம்மவருக்கும் இதுவே நடக்கிறது. மொத்தமாக வாங்க வருபவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். ஓலைக்கும் நூலுக்கும் மட்டும் கணக்குப் பார்க்கிறோம். இனி மூன்று கணக்குகளை எழுதிவையுங்கள்: பொருளின் செலவு, எடுத்த மணிநேரம், போக்குவரத்து. அந்த மணிநேரத்தைக் கூலி வேலையிற் கழித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்த்து விலை சொல்லுங்கள். நல்ல வெட்டு மாதிரிகளைக் கடதாசியில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியை விற்கவேண்டாம், செய்த பொருளை மட்டும் விற்கவும்.

அதைவிட ஒரு வழியுண்டு. ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு றங்குப்பெட்டியைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு பழைய சேலை கொடுத்தாற் போதும். பத்துச் சோடிச் சிறகும் பத்து முடியும் செய்து சங்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவும், அயற் பாடசாலைகளுக்கும் பங்குகளுக்கும் சிறு வாடகைக்கும் கொடுக்கலாம். நத்தார் முடிந்தால் உடைகளைப் பிரித்துத் தோய்த்து மடித்து வைத்து, அடுத்த கலைவிழாவுக்கு வேறு வடிவிற் தைக்கலாம். வாடகைக் காசு நூலுக்கும் ஊசிக்கும் போக மீதி சங்கத்தின் சேமிப்பாகும்.

இது காணிக்குப் பதிலாகாது. போர் 2009 இல் முடிந்த பின்னும் தம் நிலத்தை மிதிக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அந்த நிலம் அவர்களுடைய உரிமை, எந்தக் கைவேலையும் அதை ஈடுசெய்யாது. ஆயினும் காணியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. கைத்தொழில் மனிதரோடு கூடவே வரும். யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, அவர் தைத்துத் தந்த உடைகளைக் கையிலேந்தி விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுததாகத் திருத்தூதர் பணி நூல் கூறுகிறது. ஏழைக்குத் தைத்த உடுப்பின் பெறுமதியை அந்தப் பெண்கள் அறிந்திருந்தனர்.

இந்த ஆண்டு ஒளிவிழாவுக்கு முன் உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு பெட்டியைத் திறந்து வையுங்கள். யாரிடம் பழஞ்சேலை இருக்கிறது, யாருக்கு ஓலை இழைக்கத் தெரியும், யாருடைய பிள்ளை சென்ற ஆண்டு பின்வரிசையில் நின்றது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு முதற் சோடிச் சிறகைத் தையுங்கள்.