மருந்தைத் தாங்களே போட்டுப் பார்த்த டாக்டர்கள்!

நோயாளிக்கு ஊசி போடுவது டாக்டரின் வேலை. அதே ஊசியை டாக்டர் தனக்கே போட்டுக் கொண்டால்?

பெல்மேக்கர், வால்டு என்ற 2 டாக்டர்கள் அப்படித்தான் செய்தார்கள். இருவருக்கும் எந்த மனநோயும் கிடையாது.

மருந்தின் பெயர் ஹாலோபெரிடால். 1958-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. யாரும் பேசாமலே குரல் கேட்பது, "என்னைக் கொல்ல வருகிறார்கள்" என்று நடுங்குவது போன்ற கடுமையான மனநோய்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள்.

10 நிமிடத்தில்...

5 மில்லி கிராம் மருந்து ரத்தக் குழாயில் ஏறியது. 10 நிமிடம்கூட ஆகவில்லை. சிந்தனை மந்தமானது. கை கால் அசைவும் மெதுவானது. ஆனால் தூக்கம் வரவில்லை! உள்ளுக்குள் ஒரே தவிப்பு, பயம்.

புத்தகம் படிக்க முடியவில்லை. டெலிபோனில் பேச முடியவில்லை. வீட்டு வேலையும் ஓடவில்லை. ஆனால், "இதைச் செய்" என்று யாராவது சொன்னால் செய்தார்கள். தாங்களாகச் செய்ய மனம் எழவில்லை.

36 மணி நேரத்துக்கு மேல் இருவரும் வேலைக்குப் போகவில்லை. இந்த அனுபவத்தை 1977-ல் இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள்.

மயங்கி விழுந்தார்

அதற்கு முன்பே, 1951 நவம்பர் 9-ந் தேதி, பிரான்சு நாட்டில் கொர்னேலியா குவார்ட்டி என்ற பெண் டாக்டர் இதே இனத்தைச் சேர்ந்த குளோர்புரோமசின் மருந்தை ஏற்றிக் கொண்டார். எதிலும் பற்று இல்லாதது போல் இருந்ததாம். எழுந்து நடந்தபோது மயங்கி விழுந்து விட்டார்!

வீட்டில் என்ன நடக்கிறது?

மூளையில் டோபமின் என்ற பொருள் இருக்கிறது. ஒரு காரியத்தில் இறங்கும் ஊக்கத்துக்கு அது தேவை. இந்த மருந்துகள் அதன் வேலையைத் தடுக்கின்றன. அதனால் நோயின் வேகம் தணிகிறது. சிலருக்கு ஊக்கமும் சேர்ந்து தணிந்து விடுகிறது.

"சொன்னால்தான் குளிக்கிறான். சொன்னால்தான் சாப்பிடுகிறான். சுத்தச் சோம்பேறி!" என்று மகனைத் திட்டும் தாய்மார்கள் உண்டு. அது சோம்பலாக இல்லாமல் இருக்கலாம். நோய் காரணமாக இருக்கலாம். மருந்தும் காரணமாக இருக்கலாம்.

அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம். வேறு மருந்துக்கு மாற்றலாம்.

திட்டுவதற்கு முன் அந்த 2 டாக்டர்களையும் நினைத்துக் கொள்ளுங்கள். படித்தவர்கள், உழைப்பாளிகள். ஒரே ஊசியில் அவர்களும் சொன்னால்தான் செய்தார்கள்!