கணக்கில் கரைந்துபோன 339 பேர்

தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கலாம் என்று 2010-ல் ‘ஐபிரெக்ஸ்’ ஆய்வு நிரூபித்தது. ஆறு நாடுகளில் 2,499 பேர் பங்கேற்றார்கள். மாத்திரை பெற்ற குழுவில் தொற்று 44 சதவீதம் குறைந்தது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றியது.

அந்தக் கூட்டத்துக்குள் திருநங்கைகளும் இருந்தார்கள். அவர்களைத் தனியே பிரித்து விரிவாக அலசிய கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. தங்களைத் திருநர் என்றோ பெண் என்றோ சொன்னவர்களையும், பெண்தன்மை தரும் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களையும் சேர்த்தால் 339 பேர். அவர்களில் மாத்திரை பெற்றவர்களில் 11 பேருக்குத் தொற்று. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 பேருக்கு. பலன் ஏதும் தெரியவில்லை.

மருந்து தோற்றுவிட்டதா? இல்லை. தொற்று கண்டறியப்பட்ட நேரத்தில் அந்த 11 பேரில் ஒருவர் ரத்தத்திலும் மருந்து இல்லை. அவர்கள் ஏன் மாத்திரையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஹார்மோனின் வேலையை இந்த மாத்திரை கெடுத்துவிடுமோ என்ற பயம் திருநங்கைகள் பலருக்கு உண்டு. உடலை மனதுக்கேற்ப மாற்றிக்கொள்ளப் பாடுபடுகிறவருக்கு அது சாதாரணப் பயம் அல்ல. பின்னர் தாய்லாந்தில் 20 திருநங்கைகளிடம் நடந்த சிறிய ஆய்வு, மாத்திரையால் ஹார்மோன் அளவு குறைவதில்லை என்று காட்டியது. முதல் ஆய்விலேயே இதைக் கேட்டிருந்தால் எத்தனையோ பேர் நிம்மதியாக மாத்திரை போட்டிருப்பார்கள்.

இந்தியாவில் நிலைமை ஓரளவு மேல். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கண்காணிப்பு ஆய்வு திருநங்கைகளைத் தனிப் பிரிவாகவே பார்க்கிறது. 2021-ல் கர்ப்பிணிகளிடையே தொற்று 0.22 சதவீதம், திருநங்கைகளிடையே 3.78 சதவீதம். இந்த இடைவெளி தெரிந்ததால்தான் எங்கே பணம் ஒதுக்குவது, எங்கே பரிசோதனை முகாம் போடுவது என்று முடிவெடுக்க முடிகிறது.

ஆனால், இந்தக் கண்காணிப்பு ஆய்வின் மாதிரிகள் பெரும்பாலும் தடுப்புத் திட்டங்களில் ஏற்கெனவே பதிவு செய்தவர்களிடமிருந்து எடுக்கப்படுபவை. திருநங்கைகளின் சமூகக் குழுவான ஜமாத்துக்கு வெளியே வாழ்பவர், செல்போன் செயலி வழியே துணை தேடும் இளைஞர், தொண்டு நிறுவனத்தின் வாசலையே மிதிக்காதவர் ஆகியோர் அதில் சிக்குவது அரிது. பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்கோ தனிப் பிரிவே இல்லை.

கேட்கும் விதமும் மாற வேண்டும். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம் என்ன, இப்போது தன்னை எப்படி அடையாளப்படுத்துகிறார் என்று இரண்டு கேள்விகள் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். அதற்கு முன் நம்பிக்கை வேண்டும். சொன்னது வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போய்விடும் என்று அஞ்சுகிறவர் உண்மை சொல்ல மாட்டார். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் இருப்பதை, படிவத்தோடு எதிரே உட்காரும் ஊழியர் முதலில் சொல்ல வேண்டும்.

முறையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஊசி சாட்சி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இந்த ஊசியின் ‘பர்பஸ் 2’ ஆய்வில் திருநங்கைகள், திருநம்பிகள், இருபாலின வரையறைக்குள் அடங்காதவர்கள் என எல்லோரும் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட சுமார் 2,180 பேரில் இருவருக்கு மட்டுமே தொற்று. இதற்கு மாறாக, 2019-ல் அமெரிக்கா டெஸ்கோவி என்ற தடுப்பு மாத்திரைக்குத் தந்த அனுமதி, போதிய ஆய்வு இல்லை என்று பெண்ணுறுப்பு வழி உறவால் தொற்று அபாயம் உள்ளவர்களை ஒதுக்கியது. திருநம்பிகள் பலரும் அதில் அடக்கம். 2025 ஜூனில் லெனகாபவிருக்குத் தந்த அனுமதியில் அப்படி ஒரு விலக்கு இல்லை.