நிலவிலிருந்து நாடு கடத்தினால்...

தேக்கா நிலையத்தில் ஆவி பறக்கும் தே தாரிக்கை ஊதி ஊதிக் குடித்தபடிதான் ஆண்டி வியர் எழுதிய ‘ஆர்ட்டெமிஸ்’ நாவலைத் தொடங்கினேன். அதில் வரும் நிலவு நகரத்தில் இந்தச் சுகம் கிடையாது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 61 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அதைவிடச் சூடாகத் தேநீர் போட வழியில்லை. சுவாசிப்பதோ தூய ஆக்சிஜன். அதனால் நெருப்பென்றால் ஊரே நடுங்கும். சுருட்டுகூட அங்கே கடத்தல் பொருள்தான்.

அதைக் கடத்துபவள் கதாநாயகி ஜாஸ் பஷாரா. 2,000 பேர் வாழும் ஊரில் சுமைகளைக் கொண்டுசேர்ப்பது அவள் வேலை. அப்பா சவூதியிலிருந்து போன வெல்டர். அலுமினிய நிறுவனம் ஒன்றின் இயந்திரங்களை நாசமாக்கினால் 10 லட்சம் ‘ஸ்லக்’ (நிலவுப் பணம்) தருகிறேன் என்கிறார் ஒரு நார்வே கோடீஸ்வரர். சரி என்கிறாள். பிறகு கொலை விழுகிறது. மீதியைச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

என்னை உலுக்கியது அந்த ஊரின் தண்டனை முறை. சிறையும் இல்லை, அபராதமும் இல்லை. சில்லறைத் தவறுகளை ரூடி என்ற முன்னாள் கனடா போலீஸ்காரரே ‘கவனித்துக்கொள்வார்’. பெரிய குற்றமென்றால் பூமிக்கு நாடு கடத்தல். ஆறு வயதிலேயே நிலவுக்கு வந்துவிட்டவளுக்குப் பூமி ஊரே அல்ல. அங்கே அவள் உடலே அவளுக்கு ஆறு மடங்கு கனக்கும்.

சிராங்கூன் சாலைப் பக்கம் உட்கார்ந்து இதைப் படித்தால் 2013 டிசம்பர் 8 இரவு நினைவுக்கு வராமல் இருக்காது. லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடாவது இருந்தது. வாங்கிய கடனும் அங்கேயே காத்திருந்திருக்கும்.

கதையை விடுவோம். நாளை நிலவில் உண்மையிலேயே குற்றம் நடந்தால்? 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி, விண்கலத்தைப் பதிவுசெய்த நாட்டுக்கே அதன்மீதும் அதிலிருப்போர்மீதும் அதிகாரம். கனடா 2022ல் தன் குற்றவியல் சட்டத்தை நிலவில் இருக்கும் கனடிய விண்வெளி வீரர்களுக்கும் நீட்டித்தது. அதே ஆண்டு மார்ச்சில், அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் சிங்கப்பூர் 18ஆவது நாடாகக் கையெழுத்திட்டது. (நாவல் வந்தது 2017ல். நாசா தன் நிலவுத் திட்டத்துக்கு அதே பெயரைச் சூட்டியது 2019ல்.) விண்வெளி வீரர்களுக்குச் சட்டம் தேடியாயிற்று. வெல்டர் மகளுக்கு?

குறையும் உண்டு. ஜாஸ் அடிக்கும் ஜோக்குகளில் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒளிந்திருக்கிறான். வெல்டிங் பாடம் பக்கம் பக்கமாக நீள்கிறது. ஆனால் அப்பாவும் மகளும் முறுக்கிக்கொண்டே பாசம் காட்டும் இடங்கள் பொய்யில்லை. தனக்குச் சரியாக 4,16,922 ஸ்லக் வேண்டும் என்று ஜாஸ் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். ஏன் அந்தத் தொகை என்று தெரியும்போது உங்கள் அப்பாவுக்கு ஒரு போன் போடத் தோன்றும். நான் போட்டேன். இரவு பதினொன்றரை மணிக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டார்.