"பி" இல்லாத காசுக்கு அடித்தது யோகம்!

அமெரிக்காவில் 10 சென்ட் காசுக்கு "டைம்" என்று பெயர். கடையில் மீதிச் சில்லறையாக வரும். பலர் பார்க்காமலே பையில் போட்டுக் கொள்வார்கள்.

ஆனால் வருடத்தையும் எழுத்தையும் பார்த்து வாங்குகிறவர்களுக்குச் சில நேரம் அதிர்ஷ்டம்தான்!

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945-ல் இறந்தார். மறுவருடமே அவர் தலை பொறித்த டைம் வந்தது. 1964-ம் வருடம் வரை போட்டதில் 100-க்கு 90 பங்கு வெள்ளி. பிறகு வந்த சாதாரண டைம் காசில் வெள்ளி கிடையாது. ஓரத்தில் செம்புக் கோடு தெரியும்.

மறந்து போன எழுத்து

பிலடெல்பியா நாணயச் சாலை 1980 முதல் டைம் காசில் "பி" எழுத்து போடுகிறது. அப்போதெல்லாம் அச்சில் எழுத்தைக் கையால்தான் குத்துவார்கள். 1982-ல் ஓர் அச்சில் குத்த மறந்து விட்டார்கள்!

"பி" இல்லாத காசுகள் ஊரெங்கும் போய் விட்டன. ஒஹாயோ மாநிலம் சாண்டஸ்கி பக்கம் நிறையக் கிடைத்தன. இன்று அந்தப் 10 சென்ட், பல டாலர் விலை போகிறது.

5 லட்சம் டாலர்

சேகரிப்பவர்களுக்காக 1975-ல் சான்பிரான்சிஸ்கோவில் போட்ட டைம்களில் "எஸ்" எழுத்து விட்டுப் போனவை இரண்டே இரண்டுதான் தெரிய வந்துள்ளன. அதில் ஒன்று 2024-ல் ஏலம் போனது. விலை 5 லட்சத்து 6 ஆயிரத்து 250 டாலர்!

உஷார்!

1980-க்கு முந்திய பிலடெல்பியா டைமில் எழுத்து இல்லாதது சகஜம். அதற்குத் தனி விலை கிடையாது. "பி"யைச் சுரண்டி எடுத்தும் ஏமாற்றலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கீறல் காட்டிக் கொடுத்து விடும்.