கணக்கில் வராத பெயர்

எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள்: மருத்துவ ஆய்வாளரை இப்படித்தான் எடைபோடுகிறார்கள். அந்தத் தராசில் ஏறாதவர்களையும் நாம் அறிய வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரான விவியன் தாமஸ் மருத்துவம் படிக்க வசதியில்லாதவர். ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்தபோதும் ஏட்டில் அவருக்குத் துப்புரவுப் பணியாளர் பதவிதான். இதயக் கோளாறால் உடல் நீலம் பாயும் குழந்தைகளுக்கான அறுவை முறையை நாய்களிடம் செய்து தேர்ந்தவர் அவரே. 1944 நவம்பர் 29-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, டாக்டர் பிளாலக்கின் பின்னால் நின்று வழிகாட்டினார்.

1945-இல் வந்த கட்டுரையில் ஆசிரியர்கள் இருவர்: பிளாலக், டௌசிக். உலகம் மேற்கோள் காட்டியது அவர்களைத்தான். தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது 1976-இல்.

உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்பது நமக்குப் புதிதல்ல. ஆய்வுக்கூடம் செல்லும் நம் பிள்ளைகள், கட்டுரை அச்சேறும் முன்பே தங்கள் பெயரைக் கேட்டு வாங்கட்டும்.