பார்சலுக்குள் பழுதான பொருளா?

குட்டி நண்பர்களே, இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?

ஆன்லைனில் ஆர்டர் செய்த ஸ்கூல் பேக் வந்துவிட்டது. ஆசை ஆசையாய்ப் பிரித்தால்... ஜிப் பிய்ந்திருக்கிறது! படத்தில் நீல நிறம். வந்திருப்பதோ சாம்பல் நிறம். விற்றவரிடம் கேட்டால், "விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை" என்கிறார்.

அவர் அப்படிச் சொல்ல முடியாது! 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2020-இல் ஆன்லைன் விற்பனைக்கென்றே விதிகள் வந்தன. பொருளில் குறை இருந்தாலோ, இணையத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாளைத் தாண்டித் தாமதமாக வந்தாலோ அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. புயல், வெள்ளத்தால் ஏற்படும் தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

"பணம் கொடுத்தது அப்பாதானே, எனக்கென்ன உரிமை?" என்கிறீர்களா? வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஆகவே நீங்களும் ஒரு நுகர்வோர்! சிறுவர்களுக்காகப் பெற்றோர் புகார் கொடுக்கலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

* பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். பில்லையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள்.

* குறை தெரிந்ததும் பொருளைப் பயன்படுத்தாமல் வையுங்கள். அன்றைக்கே பெரியவர்கள் மூலம் அந்த இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும்.

* தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். அதற்கும் பலன் இல்லையென்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணமே கிடையாது!

ஒரு விஷயம். பொருள் நன்றாக இருந்தும், "எனக்குப் பிடிக்கலை" என்று திருப்பிக் கொடுக்க இந்த விதியில் இடமில்லை. அது விற்பவர் தரும் சலுகை. சிலர் 7 நாள் தருவார்கள். சிலர் தரவே மாட்டார்கள். எனவே 'வாங்கு' பட்டனை அழுத்தும் முன்பே, திருப்பித் தரும் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

ஒரு மாதம் பேக்கைத் தூக்கிவிட்டு, "வரும்போதே கிழிந்திருந்தது" என்று பொய் சொல்வதும் தப்புதான். உரிமையைக் கேட்பவர் நேர்மையாகவும் இருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த பார்சல் வரும்போது, பிரிக்கும் பொறுப்பு அம்மாவுக்கு. வீடியோ எடுக்கும் பொறுப்பு உங்களுக்கு! சரிதானே?